போட்டோவுக்கு என்ன நிறம், மச்சான்?

சாய்ந்தமருது,
நோன்புப் பெருநாளுக்கு அடுத்த மாதம்.

அன்புக்கும் துஆவுக்கும் உரிய மச்சான் றாஸிக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் தந்த சுகத்தில் நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் கட்டார் வெயிலில் உன் உடம்பும் மனமும் குளிர்ந்திருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துகிறோம். உன் ராத்தா, என் பெண்சாதி றபீக்காவுக்கு மூட்டு வலி இருக்கிறது, ஆனால் கோபம் வரும்போது அது எங்கேயோ போய்விடுகிறது; இந்த மாதம் முழுக்க அவள் நல்ல சுகமாக இருக்கிறாள். உன் மனைவி ஸுஹைறா சுகம். லண்டனில் இருந்து லீவில் வந்திருக்கும் என் மகள் பஸ்லியாவும் மருமகன் றிஸ்மியும் சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனுஷன் ஏன் பேனையைத் தூக்கினான் என்று நீ யோசிப்பாய். உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், மச்சான். அதைப் போனில் கேட்டால் நீ "எதெண்டாலும் சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு, ஊரில் மழையா என்று கேட்பாய். நான் மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன், உன் ராத்தா போனைப் பறிப்பாள், கேள்வி அப்படியே கிடக்கும். கேள்வியை முதலிலேயே எழுதிவிட்டாலும் அதன் பாரம் உனக்கு விளங்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசி.

எல்லாம் பஸ்லியாவால் வந்தது. பெருநாள் முடிந்து, வட்டிலப்பச் சட்டிகளையும் கழுவிக் கவிழ்த்தாகி, வீடு ஒருவிதமாக அடங்கியிருந்த ஒரு பின்னேரம். கடல் காற்று ஜன்னல் சீலையை ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தது, நான் சாய்கதிரையில் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வாப்பா, நாம எல்லாரும் சேந்து ஒரு ஸ்பிரிங் போட்டோ எடுப்பம்" என்றாள். காலமெல்லாம் கல்முனையில் பெயின்டும் இரும்புச் சாமானும் விற்றுக் கடையை விட்டு ஓய்ந்தவன் நான், எனக்குத் தெரிந்த ஸ்பிரிங் வேறு. "எந்த ஸ்பிரிங் மகள்? கதவுக்குப் போடுறதா, கட்டிலுக்குப் போடுறதா?" என்று கேட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வசந்தகாலம் வாப்பா. அங்க இந்த நேரம் மரமெல்லாம் பூக்கும். குடும்பத்தோட வெளிய போய், பொருத்தமா உடுத்து, போட்டோ எடுப்பாங்க" என்று விளங்கப்படுத்தினாள்.

வசந்தகாலமாம், மச்சான்! நமக்கு மாரி தெரியும், கோடை தெரியும். கச்சான் காற்று அடிக்கிற காலம் தெரியும், பெரும்போகம் வெட்டி முடிந்து சிறுபோகம் விதைக்கிறது தெரியும். வசந்தம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடத்தோடு முடிந்துபோன காலம். ஆனால் அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. கண்ணை மூடிக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். ஒருவேளை அது நம் ஊருக்கும் வந்து போகிறதாக்கும், மாரிக்கும் கோடைக்கும் நடுவில் யாரும் பார்க்காத ஒரு காலையில், வயல் தண்ணீரில் வானம் மல்லாந்து படுத்திருக்கும் நேரத்தில், கதவையும் தட்டாமல் வந்து ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் போய்விடுகிறதாக்கும் என்று. இப்படி நினைத்துக்கொண்டே, "சரி மகள், எடுப்பம்" என்று சொல்லிவிட்டேன். அந்தச் 'சரி'யில் தொடங்கியது இந்த முசீபத்தும் தொல்லையும்.

எல்லோரும் ஒரே நிறத்தில் உடுப்பதா என்று கேட்டேன். "சீ, ஒரே நிறமெண்டா பேண்ட் வாத்தியம் அடிக்கிற ஆக்கள் மாதிரி இரிக்கும் வாப்பா. ஒண்டோட ஒண்டு கதைக்கிற நிறமா இரிக்கோணும்" என்றாள். இந்த வீட்டில் மனிதர்களே ஒருவரோடு ஒருவர் ஒழுங்காகக் கதைப்பதில்லை. உன் ராத்தா குசினியில் இருந்து ஒன்று கேட்பாள், நான் முற்றத்தில் இருந்து வேறொன்றுக்குப் பதில் சொல்வேன். இதில் நிறங்கள் மட்டும் எப்படிக் கதைக்கும்? நான் இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள். "றாஸிக் மாமாவையும் போட்டோவில சேக்கலாம் வாப்பா. அங்க அவர் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாச் சரி. அவர எங்களுக்குப் பக்கத்தில வச்சித் தருவாங்க, ஆருக்கும் தெரியா." அந்த இடத்தில் உன் ராத்தா குசினியை விட்டு வெளியே வந்தாள். கையில் அகப்பை. "எங்கட தம்பி வருவானா போட்டோவில?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தடுக்க ஆளில்லை. காரணம் உனக்குத் தெரியும். சுனாமியாகக் கடல் வந்த வருஷம் நம் பழைய அல்பங்கள் வீட்டோடு போயின. நீ கட்டித் தந்த புதிய வீட்டில் பிறகு எத்தனை கல்யாணம், எத்தனை பெருநாள். எல்லாப் படத்திலும் எல்லோரும் நிற்கிறோம், உன்னைத்தான் காணவில்லை.

நிறம் என்று வந்தால் அது என் இலாகா என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் பகல் லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு கண்டேன். நாம் எல்லோரும் கடற்கரையில் வரிசையாக நிற்கிறோம், உடுப்புகளுக்கு நிறமே இல்லை, தண்ணீர் மாதிரி இருக்கின்றன. அலை மெதுவாக வந்து கால் பெருவிரலை நனைக்கிறது. நனைத்த இடத்தில் இருந்து ஒரு நிறம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, உடுப்பின் ஓரத்தைப் பிடித்து மேலே மேலே ஏறுகிறது. விடியப்போகிற சுபஹு நேரத்துக் கடலின் நிறம் அது. நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் யாரோ மெல்ல ஊதிவிட்ட ஒரு நிறம். கடல் வந்த வருஷத்துக்குப் பிறகு கனவில் கடல் என்னை அவ்வளவு மரியாதையாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. எழும்பியதும் பழைய பெயின்ட் அட்டையைத் தேடி எடுத்து, அந்த நிறத்தைக் கண்டுபிடித்து, ஓடிப்போய் உன் ராத்தாவிடம் காட்டினேன். "இந்தா புள்ள, இதுதான் நம்மட நிறம். கனவில கண்டன்." அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "இது நம்மட குளியலறைக்கு அடிச்ச நிறமெல்லவா?" என்றாள். அது உண்மைதான். "சுவருக்கு அடிக்கிறத மனிசருக்கு அடிக்கப் பாக்கிறீங்களே, ரெண்டாம் கோட்டும் அடிப்பீங்களா, இல்லாட்டி ஒரு கோட்டோட விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். கனவுக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

அடுத்த நாள் பஸ்லியா தன் போனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தைக் காட்டினாள். எல்லோரும் பிஸ்கட் நிறத்தில் உடுத்து, புல்லுக்குள் செருப்பில்லாமல் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சந்தோஷமோ. "இதுதான் வாப்பா இப்ப எல்லாரும் உடுக்கிறது" என்றாள். சரியென்று ஒரு ஓட்டோவைப் பிடித்து மருதமுனைக்குப் போனோம், கைத்தறித் துணி எடுக்க. முன்னால் ஓட்டுகிறவரோடு மருமகன் ஒட்டிக்கொண்டு இருக்க, பின்னால் நானும் மகளும் உன் ராத்தாவும் ஸுஹைறாவும் தேங்காய்ச் சாக்கு மாதிரி நெருங்கி இருந்தோம். கடையில் பிஸ்கட் நிறத்தில் ஒரு சாரியை எடுத்து மகள் தன் உம்மாவின் தோளில் போட்டு, அதே நிறத்தில் ஒரு ஸ்காபையும் தலையில் சுற்றிவிட்டாள். உன் ராத்தா கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "இன்னாலில்லாஹ்" என்றாள். "என்ன உம்மா?" "மையத்து மாதிரி இரிக்கன் மகள். இனி என்னத் தூக்கிக்குப் போறது மட்டும்தான் மிச்சம்." கடைக்காரர் சிரிப்பை அடக்கத் துணிக்கட்டுக்குப் பின்னால் குனிந்துவிட்டார். பஸ்லியாவுக்குக் கண் கலங்கியது. "மூணு வருஷத்துக்குப் பிறகு வந்திரிக்கன், ஒரு போட்டோ எடுக்கக் கேட்டா மையத்தெண்டு கதைக்கிறீங்க" என்று விம்மினாள். மருமகன் றிஸ்மி, இந்தக் குடும்பத்தில் சமாதானத்துக்காகவே பிறந்த பிள்ளை, மெதுவாக ஒரு கருத்துச் சொன்னார். "மாமி, என்னட்ட ஒரு கறுப்புச் சேட் இரிக்கி." உன் ராத்தா அடுத்த துணிக்கட்டை இழுத்தாள்.

பச்சை என்று தீர்மானித்தது உன் ராத்தாதான். கடையின் மூலையில் இருந்த ஒரு துணியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. முளைத்து விரல் உயரம் வந்த நெற்பயிரின் நிறம், மச்சான், அப்படியே. பஸ்லியா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்து, இதில் இளம் பச்சை, நடுப் பச்சை, முற்றின பச்சை என்று பிரித்துப் பிரித்து எடுத்தால் அவை ஒன்றோடொன்று கதைக்கும் என்று ஒப்புக்கொண்டாள். ஸுஹைறாவிடம், "நீ என்ன சொல்றாய்?" என்று உன் ராத்தா கேட்டாள். அவள் ஜன்னலுக்கு வெளியே தெருவில் போகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எதெண்டாலும் சரி மச்சி" என்றாள். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் அல்லாஹ் ஒரே வசனத்தைத்தான் எழுதியிருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் அந்தத் துணியைப் படமெடுத்து உனக்கு அனுப்பினோம், நீயும் "நீலம் நல்லா இரிக்கி" என்று பதில் போட்டாய். உன் போனின் குற்றமா, என் போனின் குற்றமா, நடுவில் இருக்கும் கடலின் குற்றமா தெரியாது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

தைத்து வந்த உடுப்புகளோடு ஒரு காலையில் காரைதீவுப் பக்கத்து வயலுக்குப் போனோம். போட்டோ எடுக்க வந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த பவிதரன் என்ற பொடியன், கல்யாணங்களுக்கு எடுத்துப் பெயர் வாங்கினவர். கடற்கரையில் எடுப்போம் என்று அவர் சொன்னார், உன் ராத்தா கடலுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டேன் என்றாள். ஆகவே வயல். சூரியன் அப்போதுதான் எழும்பியிருந்தது. கண்ணுக்கு எட்டின தூரம் சிறுபோகப் பயிர், காற்று அதன் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டு போக, ஒரு பச்சை மற்றொரு பச்சைக்குள் கரைந்து கரைந்து போனது. வாய்க்காலில் தண்ணீர் தூக்கத்தில் முணுமுணுக்கிற பிள்ளை மாதிரி ஓடியது. நாங்கள் வயல் வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்துபோய், பயிர் கூடுதலாக வளர்ந்திருந்த இடத்தில் நின்றோம். மகள் ஆளுக்கு ஆள் இடம் காட்டினாள். ஸுஹைறாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விடச் சொன்னார் பவிதரன். "அந்த இடத்த அப்பிடியே விடுங்க அங்கிள். மாமாவ மறுகா, எடுத்து முடிஞ்ச பிறகு, நான் வச்சித் தாறன்." உனக்கான இடம், மச்சான். நாங்கள் அதை மரியாதையாக விட்டு நின்றோம், ஜும்ஆத் தொழுகையில் முன் வரிசையில் ஒருவருக்கு இடம் பிடித்து வைக்கிற மாதிரி.

பவிதரன் கமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், பின்னால் போனார், பிறகும் எடுத்தார். பிறகு கமராவின் முதுகைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். "என்ன தம்பி, நல்லா வந்திரிக்கா?" என்று கேட்டேன். "அங்கிள், எல்லாரும் நிக்கிறீங்கதானே?" என்று அவர் என்னைக் கேட்டார். போய்ப் பார்த்தோம். படத்தில் வயல் இருந்தது. வயலுக்கு மேலே முகங்கள் இருந்தன. உடம்பைக் காணவில்லை. மூன்று வகைப் பச்சையும் பயிரோடு போய்க் கதைத்து, அதற்குள்ளேயே தங்கிவிட்டன. உன் ராத்தாவின் முகம் பயிருக்கு மேல் ஒரு பூசணிக்காய் மாதிரி மிதந்தது. என்னுடையது கொஞ்சம் தள்ளி, கழுத்தில்லாமல், தாடியோடு. கைகள் அங்கங்கே தனியாகக் கிடந்தன, யாருடையது எது என்று தெரியவில்லை. ஒருவர் மட்டும் முழுசாக நின்றார், மருமகன் றிஸ்மி, ஏனென்றால் அவர் யாருக்கும் சொல்லாமல் அந்தக் கறுப்புச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பஸ்லியா அவரைப் பார்த்த பார்வையில் பயிர் கருகாமல் இருந்தது அல்லாஹ்வின் அருள். எனக்கோ, உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்தப் படம் பிடித்துவிட்டது. மனிதர்கள் பாரமெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காற்றாட வந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் ராத்தாதான் என் தோளில் தட்டி இந்த உலகத்துக்குக் கூட்டி வந்தாள்.

சரி, இன்னும் ஒன்று எடுப்போம் என்று எல்லோரும் திரும்ப இடத்துக்குப் போனோம். அப்போதுதான் அது நடந்தது. எங்கிருந்தோ ஒரு கொக்கு பறந்து வந்தது. எங்களை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேரே வந்து, உனக்கென்று விட்டிருந்த அந்த இடத்தில் இறங்கி, ஒரு காலைத் தூக்கி மடித்து, கழுத்தை நீட்டி, கமராவைப் பார்த்தபடி நின்றது. பவிதரன் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் ஸுஹைறாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கொக்கைக் குனிந்து பார்த்தாள், வாயைப் பொத்தினாள், பிறகு பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டு வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "மச்சி, பாருங்களன், வந்திட்டார்" என்றாள். "இவரும் இப்பிடித்தானே. திடீரெண்டு வந்து நிப்பார். சாமானெல்லாம் பிரிச்சுப் பாத்து முடியிறதுக்குள்ள பறந்திருவார்." எல்லோரும் சிரித்தோம், வயிறு நோகச் சிரித்தோம், அந்தச் சத்தத்தில் கொக்கு எழும்பிப் பறந்துவிட்டது. அது போன திசையைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே கண் மட்டும் வேறு எங்கோ போய்விட்டது. உங்கள் இரண்டு பேருக்கும் நிக்காஹ் முடிந்த காலத்தில் இருந்து நீ லீவில் வந்த நாட்களை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் ஒரு மாரிகாலம் வராது, மச்சான். அது எனக்கு அந்த வரம்பில் நின்றபோதுதான் உறைத்தது.

சில நாட்களுக்குப் பிறகு பவிதரன் உன்னை வைத்து முடித்த படத்தோடு வீட்டுக்கு வந்தார். நீ அங்கே உன் கம்பனிச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பிய படத்தை வெட்டி, உன் மஞ்சள் சேட்டைக் கணினியில் பச்சையாக்கி, ஸுஹைறாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். எங்களுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு மங்கலை உண்டாக்கி, எங்கள் உடம்புகளையும் எப்படியோ மீட்டுத் தந்திருந்தார். கெட்டிக்காரப் பொடியன். ஆனால் நீ பாஸ்போட்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாய், உன் தலை எங்கள் தலைகளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அதோடு இன்னொரு விஷயம். எங்கள் நிழல் எல்லாம் ஒரு பக்கம் விழுந்திருக்க, உன் மூக்கின் நிழல் மறுபக்கம் விழுந்திருந்தது. "அவருக்கு வெயில் மற்றப் பக்கத்தால அடிச்சிரிக்கி அங்கிள், அத மாத்தச் சரியான கஷ்டம்" என்றார் பவிதரன். எங்களுக்குக் காலை, உனக்குப் பின்னேரம். ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

படம் கை மாறிக் கை மாறி ஸுஹைறாவிடம் போனது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பஸ்லியாவைக் கேட்டாள்.

"இதில இவருக்கு என்ன நிறம் போட்டிரிக்கீங்க மகள்?"

"பச்சை மாமி. எங்களோட பொருந்தோணுமே."

"அவருக்குப் பச்சை புடிக்குமா?"

உன் ராத்தா முந்திக்கொண்டாள். "தம்பிக்கு நீலம்தான் விருப்பம். சின்ன வயசில எப்பவும் நீலச் சேட்தானே போடுவான்" என்றாள், சொல்லிவிட்டுத் தானே யோசித்து, "இல்ல, அது வாப்பா ஒரு முழுக்கட்டு நீலத் துணி வாங்கி எல்லாருக்கும் தைச்சதெல்லவா" என்று குரல் இறங்கினாள். நான் சொன்னேன், இந்த வீட்டுக்குப் பெயின்ட் எடுக்க என் கடைக்கு வந்தபோது நீ கிறீம் நிறத்தைத்தான் கேட்டாய், ஆகவே கிறீம் என்று. "அது நான் சொல்லி விட்டது" என்றாள் உன் ராத்தா. பஸ்லியா, "மாமாவுக்கு ரோஸ் விருப்பம், எனக்கு அனுப்பினதெல்லாம் ரோஸ் நிறம்தான், பேக், மணிக்கூடு, குடை" என்று தொடங்கினாள். பிறகு அவளும், "நான்தான் ரோஸ் கேட்டிரிப்பன்" என்று நிறுத்திவிட்டாள். கடைசியில் எல்லோரும் ஸுஹைறாவைப் பார்த்தோம். பெண்சாதிக்குத் தெரியாமல் போகுமா? அவள் படத்தில் உன் சேட்டின் மேல் விரலை வைத்திருந்தாள். "நிக்காஹுக்கு வெள்ளைக் கோட் போட்டார். அது எனக்கு மூத்த காக்காமார் எடுத்தது. மறுகா ஒவ்வொரு லீவிலயும் நான் எடுத்து வச்ச சேட்டத்தான் போடுவார். என்ன நிறம் வேணுமெண்டு கேட்டா, உனக்குப் புடிச்சதெண்டு சொல்லுவார். எனக்கு என்ன புடிக்குமெண்டு அவருக்குத் தெரியும். அவருக்கு என்ன புடிக்குமெண்டு எனக்குத் தெரியா மச்சி." அழவில்லை, மச்சான். மழை வருமா வராதா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். உன் ராத்தாதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

பிறகு ஸுஹைறா ஒன்று சொன்னாள், எல்லோரும் ஒத்துக்கொண்டோம். இதுவரை எங்களுக்குப் பொருத்தமாக உன்னைச் சேர்க்கப் பார்த்தோம். இனி உனக்குப் பொருத்தமாக நாங்கள் உடுப்பது. நீ ஒரு நிறம் சொல். எங்களுக்குப் பிடிக்குமா, ராத்தாவுக்குப் பிடிக்குமா, எது மலிவு, எது அழுக்குத் தாங்கும் என்று ஒன்றையும் யோசிக்காதே. கண்ணை மூடினால் உனக்குள் எது வருகிறதோ, அது. தார் மாதிரிக் கறுப்பு என்றாலும் சரி, மருமகனாவது சந்தோஷப்படுவார். செம்மஞ்சள் என்றாலும் சரி, நாங்கள் வீதி திருத்துகிற ஆட்கள் மாதிரி வரிசையாக நிற்போம். மகள் போவதற்கு முதல் அந்த நிறத்தில் எல்லோருக்கும் தைத்துவிடலாம். இவ்வளவும் எழுதியது இந்த ஒரு கேள்விக்காகத்தான், மச்சான். உனக்கு என்ன நிறம் பிடிக்கும்? "எதெண்டாலும் சரி" என்று மட்டும் எழுதினாயோ, இந்த வீட்டுக்கு வந்தால் உனக்குச் சோறு இல்லை, இது உன் ராத்தாவின் வாக்கு.

இந்தக் கடிதத்தை ஸுஹைறாவின் தம்பி ஹாதிக்கின் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அங்கே தன் வீட்டுக்கு உன்னைக் கூப்பிட்டுத் தருவான். பதிலை நீ உன் கையால் எழுது. உன் வேலையில் பரக்கத்தும், உன் உடம்பில் ஆரோக்கியமும், உன் வழியில் நிழலும் உண்டாக அல்லாஹ் போதுமானவன். ராத்தா, மகள், மருமகன், எல்லோருடைய ஸலாமும் உனக்குச் சேர்வதாக.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் மச்சான்,
காலிதீன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது ஒன்றுக்கும் நீ பதில் எழுத வேண்டாம். கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு ஹாதிக் வீட்டுக்குப் போனேன். அங்கே பயணப் பெட்டி கட்டுகிறார்கள், பெட்டி இரண்டாக இருக்கிறது. மற்றது யாருடையது என்று கேட்டால், ஸுஹைறா உள்ளே இருந்து வந்து, "அது என்ட பெட்டி, காக்கா" என்கிறாள். தம்பியும் அவளுமாக எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விசாவுக்கு விண்ணப்பம் போட்டு, அது இன்றைக்குக் காலையில் கிடைத்திருக்கிறது! "கேள்விய நானே போய்க் கேக்கிறன் காக்கா. அவர்ர முகத்தப் பாத்தாத்தானே உண்மையச் சொல்றாரா எண்டு தெரியும்." உன் ராத்தாவுக்குப் போனில் சொன்னேன். முதலில் கத்தினாள், நாங்கள் இனி ஆரைப் பார்த்து உடுப்பது, நீயும் ஸுஹைறாவும் இல்லாமல் அது என்ன குடும்பப் போட்டோ என்று. பிறகு கருவாடும் மாசியும் பொதி பண்ணத் தொடங்கிவிட்டாள், பெட்டியில் இடமில்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. போட்டோ இல்லை, மச்சான். இந்த வருஷம் வசந்தகாலத்தையும் எங்களால் பிடிக்க முடியவில்லை. ஒட்டின கடிதத்தைத் திரும்பப் பிரித்து, ஹாதிக்கின் வீட்டு மேசையில் இருந்து இதை எழுதுகிறேன், அவன் அவசரப்படுத்துகிறான். நீ இதை வாசிக்கும்போது அவனுடைய கட்டார் வீட்டு முன்னறையில் இருப்பாய். உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். நீ வாசித்து முடிக்கும்வரை வெளியே வரமாட்டேன் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறாள், அவள் பாவம், வெகுநேரமாக நின்றுகொண்டிருப்பாள். கடிதத்தை வைத்துவிட்டு எழும்பு. போய்க் கதவைத் திற.